அக்காவுக்குக் கேட்ட புட்டு

போன ஞாயிறு டொரொன்டோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில்லில் மகளின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். குசினியில் உள்ளியும் நெத்தலியும் ஒலிவ் எண்ணெயில் பொரிகிற மணம்.

"அப்பா, இண்டைக்குப் புட்டனெஸ்கா பாஸ்தா. அப்பிடியெண்டா என்ன மீனிங்?"

பக்கத்தில் மருமகன். "எனக்கென்ன தெரியும்" என்று இருமிச் சமாளித்தேன். உங்களுக்குச் சொல்லலாம்; நீங்கள் மருமகன் இல்லைத்தானே.

ஊரில் சண்டை முடிந்த 2009இல், டொரொன்டோவில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் எனக்குச் சமையல் வேலை. தக்காளி, ஒலிவ் காய், நெத்தலி, உறைப்பு எல்லாம் போட்ட புட்டனெஸ்கா என் கைக்கு நன்றாக வரும். எங்கள் மீன்குழம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒருநாள் பெருமையோடு முதலாளி மரியாவிடம் பெயருக்கு அர்த்தம் கேட்டேன்.

"வேசியின் சமையல்" என்றார். எழுபது வயது, கழுத்தில் சிலுவை, கண்கூட இமைக்கவில்லை. ஆள் வந்து போகிற இடைவெளியில் அந்தப் பெண்கள் அவசரமாகக் கிண்டியதாம். இன்னொரு கதை: நேரம் பிந்தி வந்த சிநேகிதர்கள் "ஏதாவது குப்பையைப் போட்டுத் தா" என்றார்களாம், அந்தக் குப்பைக்கும் அவர்கள் பாஷையில் வேசியிலிருந்து பிறந்த சொல்தானாம். எது உண்மையென்று மரியாவுக்கே தெரியாது. அதுவரை "ரெண்டு புட்டனெஸ்கா!" என்று கத்திக்கொண்டிருந்த நான், அன்றிலிருந்து "முருகா" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் சட்டியைத் தொட்டேன்.

அப்போது வன்னியிலிருந்த அக்காவைப் பற்றி ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. போனை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டே சமைப்பேன். ஒரு மத்தியானம் அது அடித்தது. அகதி முகாமில் யாரோ ஒருவருடைய போன்.

"தம்பி, நான்தானடா. உயிரோடை இருக்கிறன்."

சட்டி சீறுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அக்காவே கேட்டார்: "என்ன சமைக்கிறாய்?"

"புட்டனெஸ்கா."

"புட்டோ! உங்கையும் புட்டு அவிக்கினமோ?"

"ஓம் அக்கா."

"என்னத்தோடை?"

"நெத்தலியோடை."

"தேங்காய்ப்பூ போட்டனியோ?"

"இல்லை."

"ஐயோ பாவம்," என்றார், கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற அக்கா. லைன் அறுந்தது.

சட்டி கரிந்து புகை எழும்ப, மரியா ஓடிவந்தார். அழுகையும் சிரிப்புமாக நடந்ததைச் சொன்னேன். அடுப்பை நிறுத்தினார், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், பிறகு கேட்டார்: "தேங்காய் எந்தக் கடையில் விற்கும்?"

மரியா இப்போது இல்லை. அந்தக் கடையில் பல் பிடுங்குகிறார்கள். கிளிநொச்சியிலிருந்து அக்கா கிழமைக்கு ஒருதரம் வீடியோவில் வந்து, சாப்பாட்டுக் கோப்பையைக் காட்டச் சொல்லிப் பார்க்கிறார். குரலை மட்டும் நம்பிய அந்தக் காலம் போயே போய்விட்டது. அவரிடம் இனி ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல முடியாது.