யாரும் கத்தவில்லை

எங்கள் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வைத்தவள் நான்தான், அதனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. மெயில் சர்வர் அவள் பொறுப்பு. யாராவது கதவைத் தட்டினால் "என்னத்த உடைச்சீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. வா, உட்கார் எல்லாம் அதற்குப் பிறகு, வந்தால் உண்டு.

நான் கீழே தொலைபேசி மேசையில் இருப்பவள். அவளைவிடப் பத்து வயது சின்னவள். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எனக்கு அவள் எங்கேயும் அக்காதான்.

எங்கள் நிலையத்தில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்கிறோம். வருவார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். படத்தில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் மட்டும் "மறுபடி வாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போகும். ஒன்றும் இல்லையென்றால் எதுவும் போகாது. வரவேற்பறைச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள்: பதினைந்து நாட்களில் கடிதம் வராவிட்டால் கவலை வேண்டாம். அந்தப் பலகையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெயில் சர்வர் என்றால் ஏதோ ஒரு பெட்டி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அக்காவிடம் அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பெட்டியாவது கிட்டியாவது! உள்ள முப்பத்தோரு பேரு வேலை செய்றாங்க. நீ பாக்கலைங்கிறதுக்காக இல்லைன்னு ஆயிடுமா?"

முப்பத்தோரு பேர் என்று அவள் சொன்னது கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் புரோகிராம்களை. ஒன்று கடிதத்தை வாங்கும், ஒன்று அனுப்பும், ஒன்று குப்பையைத் தடுக்கும், ஒன்று வைரஸ் பார்க்கும். போய்ச் சேராத கடிதத்தை எடுத்து அரை மணிக்கொரு தடவை மறுபடி தட்டிப் பார்க்க ஒன்று. எது முதலில் எழுந்திருக்க வேண்டும், எது விழுந்தால் யார் தூக்கிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் தன் கையால் எழுதி வைத்திருந்தாள். "குப்பையைத் தடுக்கிறவன் வந்து உக்காந்த பிறகுதான் வாசக் கதவைத் திறக்கணும். மாத்தித் திறந்தா அஞ்சு நிமிஷத்துல வீடு நாறிடும்" என்பாள். காலை ஏழு நாற்பதுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, இரவு நடந்ததையெல்லாம் வரி வரியாகப் படிப்பாள். பிறகு தனக்குத் தானே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, அது வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்து சேர்ந்தால்தான் தேநீர்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்றின் பெயர் டெம்ப்-2. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்குப் போன கடிதம் திரும்பி வந்துவிட்டது. அவள் முகவரியில் ஒரு எழுத்து தவறு. திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்த அன்று மத்தியானமே அக்கா உட்கார்ந்து, திரும்பி வரும் கடிதங்களையெல்லாம் பொறுக்கி, காலை எட்டு மணிக்கு என் மேசைப் பிரிண்டரில் பெயரும் தொலைபேசி எண்ணுமாகக் கொண்டுவந்து போடும் புரோகிராம் ஒன்றை எழுதினாள். முதல் முயற்சி பிரிண்டரைத் திணறடித்தது. இரண்டாவது ஓடியது. அவசரத்துக்கு வைத்த பேர், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டாள். ஆறு வருடம் அது ஒருநாள்கூடத் தவறவில்லை. நாளுக்கு இரண்டு பெயர், சில நாள் மூன்று. நான் கூப்பிட்டுச் சொல்வேன்: "உங்களுக்கு ஒரு கடிதம் போட்டோம், வந்து சேரல. ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க." என் வேலையில் உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

போன வருடம் புது மேலாளர் வந்தார். பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதியது வாங்குவது என்று முடிவானது. எல்லாப் புரோகிராமையும் புதியதில் முதலிலிருந்து அமைக்க வேண்டும். மேலாளர் முப்பத்தொன்றையும் ஒரு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒன்பதுக்கு, எது எதற்காக ஓடுகிறது என்று விளக்கும் குறிப்பு கிடையாது.

"இந்த ஒன்பதையும் விட்டுட்டுப் போவோம். தேவைன்னா யாராவது கத்துவாங்க. ஒரு மாசம் யாரும் கத்தலைன்னா அது குப்பைன்னு அர்த்தம்" என்றார்.

இது அவர் கண்டுபிடிப்பு இல்லையாம். இந்தத் தொழிலில் பல இடங்களில் இப்படித்தான் செய்வார்களாம். அக்காவே பிறகு சொன்னாள். அன்றைக்கு அவள் ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டாள். குப்பை தடுப்பதற்குத் துணையாக இருந்த ஒன்றுக்காகவே முக்கால் மணி நேரம் கத்தி, அதைக் காப்பாற்றினாள். கடைசியில் களைத்துப்போயிருந்த நேரத்தில் மேலாளர், "டெம்ப்-2?" என்று படித்தார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டெம்ப்னா தற்காலிகம்தானே, தூக்குங்க" என்றாள். தன் கையாலேயே அதற்கு நேரே ஒரு டிக் போட்டாள். தான் பெற்றதையே அடையாளம் தெரியாமல் அனுப்பிவைத்தாள்.

ஒரு சனிக்கிழமை மாற்றினார்கள். திங்கட்கிழமையே கத்தல் ஆரம்பித்தது. முதலில் கத்தியவர் மேலாளர்தான். அவர் விடுப்பில் போனால் தானாகப் பதில் அனுப்பும் வசதி வேலை செய்யவில்லையாம். அடுத்து மருந்துக் கிடங்கு கத்தியது. ஊழியர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் ஒன்று நின்றுபோனதற்கு மூன்று பேர் படியேறிப் போய்ச் சண்டை போட்டார்கள். வாழ்த்து அதே வாரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. டெம்ப்-2-க்காக யாரும் கத்தவில்லை.

அதே வாரம்தான் அக்கா தன் அண்ணியைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தாள். அண்ணிக்கு இடது பக்கம் பட்டாணி அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. வர மாட்டேன் என்றவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்தாள். அக்காவின் பேச்சில் யாரைப் பற்றியாவது சிடுசிடுப்பு இல்லாமல் வரும் என்றால் அது அந்த அண்ணியைப் பற்றி மட்டும்தான். பொம்பளைப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு என்று அண்ணன் குதித்தபோது, மூன்று நாள் வீட்டில் அடுப்பே பற்றவைக்காமல் உட்கார்ந்து, அண்ணனைப் பணியவைத்தவள் அவள்.

இரண்டு வாரம் கழித்து உணவறையில் அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் நான்.

"வரலைன்னா நல்லதுதான் அண்ணி. வந்தும் நீங்க பாக்காம விட்டாக்கூட, எங்க ஆளு போன் போட்டுச் சொல்லிடும். அதுக்கு ஏற்பாடு பண்ணி வெச்சது யாரு? நான்தானே! நிம்மதியா தூங்குங்க."

எங்க ஆளு என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். என் பிரிண்டரில் அப்போது இரண்டு வாரமாகத் தாளே வரவில்லை. எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தலையாட்டலுக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல், ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்க அக்காவின் அறைக்குப் போனேன். நல்ல வார்த்தை நாலு சொல்வோமே என்று, "என்னக்கா, புது மெஷின் ராசியான மெஷின்தான். அஞ்சு வாரமா எனக்கு ஒரு லிஸ்ட்கூட வரல. எல்லாரும் ஒழுங்கா மெயில் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க போல" என்றேன்.

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த விதத்தில் பாதி தளும்பிக் கீபோர்டில் கொட்டியது. துடைக்கவில்லை.

"என்ன லிஸ்ட்?"

"அதான்கா, திரும்பி வர்ற கடிதம்..."

"ஏண்டி அஞ்சு வாரமா சொல்லல?" என்று ஒரு சத்தம் போட்டாள். பக்கத்து அறைக் கதவு திறந்தது. "வாயில என்ன வெச்சிருந்த?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "தாள் வரலைன்னா யாரும் இல்லைன்னுதானேக்கா அர்த்தம்? கீழ போர்டுலகூட அப்படித்தானே எழுதியிருக்கு!" என்று நானும் கத்தினேன்.

அவள் மெதுவாக, "டெம்ப்-2" என்றாள். தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள், நிஜமாகவே, சத்தம் கேட்கும்படி.

திரும்பி வந்த கடிதங்கள் எங்கேயும் போகவில்லை. புது இயந்திரத்தின் மூலையில் யாரும் திறக்காத பெட்டியில் குவிந்து கிடந்தன. எண்ணிக்கை திரையில் தெரிந்தது: ஐம்பத்தெட்டு.

"அண்ணி பேரைத் தேடிப் பாருக்கா" என்றேன்.

"தேட மாட்டேன். தேடினா அவங்க முதல்ல வந்துடுவாங்க. முதல்ல வர வேண்டியவ அஞ்சு வாரமா உக்காந்திருக்கா."

அந்தப் புரோகிராமைப் புதியதில் ஏற்றி அமைக்க அவளுக்கு இருபது நிமிடம் பிடித்தது. இருபதே நிமிட வேலை. இந்த முறை அதற்கு வைத்த பெயர் ஒரு வாக்கியம் நீளத்துக்கு இருந்தது: கடிதம் சேராத பெண்களைக் கூப்பிடும் வேலை, நிறுத்தாதே. பக்கத்தில் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் போட்டாள்.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். கையில் அந்தப் பழைய தாள். டிக் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"மேடம், நீங்கதான் சரின்னீங்க. டெம்ப்னு பேரு வெச்சா யாருக்குத் தெரியும்?"

"ஆமா, நான்தான். என் பேரை எழுதிக்குங்க. கீழயே உங்க பேரையும் எழுதுங்க. யாராவது கத்துவாங்கன்னீங்களே, இதுக்கு யாரு சார் கத்தணும்? தனக்குக் கடிதம் போட்டதே தெரியாதவ எப்படிக் கத்துவா? உங்க லீவு மெயிலுக்கு ஒரு மணி நேரத்துல கத்தினீங்க. பிறந்தநாளுக்குக் கத்தினாங்க. இவளுக்குக் கத்த வழி இருக்கா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. தொழில்நுட்பக் கோளாறால சிறு தாமதம்னு போன்ல சொன்னாப் போதும். தப்பு நம்ம மேலன்னு யாரும் சொல்லிட வேண்டாம்." என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அதற்குள் எழுதிக்கூடக் கொண்டுவந்துவிட்டார், மனுஷன்.

அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கி நாலாகக் கிழித்தாள். "மெஷின் நாம சொன்னபடிதான் செஞ்சுது. கோளாறு இந்த ரூமுல நிக்குது, ரெண்டு காலோட" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இருவரையும்தான் என்று நினைக்கிறேன்.

கீழே என் மேசையில் பிரிண்டர் இரண்டு தாள் தள்ளியது. பழையது முதலில், தேதி வரிசையில். அண்ணியின் பெயர் முப்பத்தேழாவது. எதிரே காரணம்: அஞ்சல்பெட்டி நிரம்பியுள்ளது. வெளியூரில் இருக்கும் மகன் தன் குழந்தையின் படங்களை நாளுக்கு இருபது முப்பது என்று அனுப்பிக்கொண்டிருந்தான். அதில்தான் நிரம்பியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

"முதல்ல கூப்பிடட்டுமாக்கா?"

"வரிசை மாறக் கூடாது" என்றாள். பக்கத்து மேசைத் தொலைபேசியை இழுத்துக்கொண்டாள். "நீ மேலேர்ந்து வா. நான் கீழேர்ந்து வர்றேன்."

அப்படித்தான் செய்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அக்கா போனில் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொருவரிடமும், "தப்பு எங்க மேலதான்மா, மன்னிச்சுக்குங்க. நாளைக்கே வாங்க" என்றாள். மேலாளர் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தி திட்டினாள். அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு முழுவதையும் கேட்டாள். இன்னொருத்தியின் கணவர் எடுத்து, அவள் வேறு இடத்தில் காட்டிச் சிகிச்சை ஆரம்பித்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார். ஏழு பேர் எடுக்கவே இல்லை. அவர்களைப் பிறகு கூப்பிடுவதற்காகத் தனியாகக் குறித்துக்கொண்டோம்.

நாலரை மணிக்கு நான் முப்பத்தாறை முடித்தேன். அவள் முப்பத்தெட்டை முடித்திருந்தாள். நடுவில் ஒரே பெயர்தான் மிச்சம். ரிசீவரைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். எண்ணை அழுத்தவில்லை.

"நீ பேசு" என்றாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பரிசோதனை நிலையம் என்றதும் சிரித்தார்கள். பெரிய குரல். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"அடடே, என் நாத்தனார் அங்கதாம்மா வேலை பாக்குறா, தெரியுமா? முணுக்குன்னா கோவம் வரும் அவளுக்கு. உங்களையெல்லாம் ரொம்பத் திட்டுவாளோ?"

"இல்லம்மா. நல்லவங்க."

"நல்லவதான். நடுவுல எனக்குக் கொஞ்சம் பெருசான மாதிரி தோணுச்சும்மா, பயந்துட்டேன். ஆனா ஏதாவது இருந்தா அவங்களே கூப்பிடுவாங்கன்னு அவ சொல்லியிருந்தா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். யாரும் கூப்பிடலையே, அதனால நிம்மதியா விட்டுட்டேன்." பிறகுதான் ஞாபகம் வந்ததுபோல் கேட்டார்கள்: "ஆமா, நீ எதுக்கும்மா கூப்பிட்ட?"