திருப்பி எடுக்கக்கூடிய பந்தயம்

யாருக்காவது எதையாவது விளக்கிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஃப்ரீவேயில் எந்த லேனில் போனால் எவ்வளவு நேரம் மிச்சம், வாஷிங் மெஷினில் எந்தத் துணிக்கு எந்தப் பட்டன் என்று பதினான்கு வருடமாக என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெரும்பாலும் வெறும் ‘ம்’ கொட்டுவாள். அந்தச் சனிக்கிழமை காலை எடிசனிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்குக் காரில் போகும்போது நான் கிராப்ஸ் என்ற பகடைச் சூதாட்டத்தை விளக்கிக்கொண்டே போனேன். அவள் ‘ம்’ கொட்டவில்லை, கேள்வி கேட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவளுடைய அம்மா அப்போது ஈரோட்டில் ஐசியுவில் இருந்தார். மூச்சுக்குக் குழாய் வைத்து ஆறு நாள் ஆகியிருந்தது. அவளுடைய அண்ணன் தினமும் போன் செய்து, வா என்றும் சொல்லாமல் வராதே என்றும் சொல்லாமல், டாக்டர் சொன்னதை மட்டும் ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவார். போவதா வேண்டாமா என்பதுதான் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு. அவள் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. இந்தியா போனால் அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் மறுபடி ஸ்டாம்பிங் வாங்காமல் திரும்ப முடியாது. தேதி கிடைக்க எத்தனை மாதமாகும் என்று யாருக்கும் தெரியாது. அவள் வேலை போய்விடும், மகள் அம்மா இல்லாமல் இருக்க வேண்டும், நான் தனியாக எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதி அவளிடம் காட்டினேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

மனசு கொஞ்சம் மாறட்டும் என்றுதான் கடற்கரைக்குக் கூப்பிட்டேன். மகளைப் பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டியிடம் விட்டோம். ஆபீஸ் நண்பர்களோடு நான் வருடத்துக்கு இரண்டு முறை அங்கே போவது வழக்கம். அவள் ஒரு முறைகூட வந்ததில்லை. சூதாடும் இடத்தில் எனக்கென்ன வேலை என்பாள். அன்று கூப்பிட்டவுடன் சரி என்றாள்.

நான் விளக்கியது இதுதான். இரண்டு பகடைகள். ஆட்டக்காரர் ஒருவர் வீசுவார், சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் அவர் கையை நம்பிப் பந்தயம் வைப்பார்கள். முதல் வீச்சில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் உடனே ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு என்றால் உடனே தோல்வி. வேறு எண் விழுந்தால் அதற்குப் பாயிண்ட் என்று பேர். அதன் பிறகு அந்த எண் மறுபடி விழும்வரை வீச வேண்டும். நடுவில் ஏழு விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. முதல் வீச்சில் காப்பாற்றிய அதே ஏழு பிறகு கொன்றுவிடும்.

"அப்ப எல்லாருமே வீசறவங்களுக்காகத்தான் வேண்டிக்குவாங்களா?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் அப்படித்தான், அதற்குப் பாஸ் லைன் என்று பேர் என்றேன். ஆனால் டோன்ட் பாஸ் என்று இன்னொரு கட்டம் உண்டு. அதில் வைத்தால் வீசுபவர் தோற்கும்போது நாம் ஜெயிப்போம். கணக்குப்படி பார்த்தால் அதில்தான் சூதாட்டக் கடைக்காரனுக்கு லாபம் ஒரு மயிரிழை குறைவு, அதனால் நான் எப்போதும் அதில்தான் வைப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வைத்த பிறகு மனசு மாறினால் எடுக்க முடியுமா என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று பாராட்டினேன். பாஸ் லைனில் வைத்ததைப் பாயிண்ட் விழுந்த பிறகு தொட முடியாது, கடைசிவரை கிடக்க வேண்டியதுதான். டோன்ட் பாஸில் வைத்ததை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஏனென்றால் பாயிண்ட் விழுந்த பிறகு சாதகம் நம் பக்கம்தான், அந்த நேரத்தில் முட்டாள்தான் எடுப்பான் என்றேன்.

கேசினோவுக்குள் போனபோது மணி பதினொன்று. வெளியே கடல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே எந்த நேரம் என்றே தெரியாத ஒரு வெளிச்சம். கூட்டமில்லை. ஒரே ஒரு கிராப்ஸ் மேஜைதான் திறந்திருந்தது. தொட்டி மாதிரி ஆழமான அந்தப் பச்சை மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அங்கே ஏழு என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அபசகுனம் என்று எதிர்ப்பக்கம் நின்ற அவளிடம் தமிழில் சொன்னேன். சொல்லும்போது நானே ‘ஏழு’ என்று சொல்லிவிட்டேன். தமிழில் சொன்னால் இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். கையில் மெல்லிய வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். அந்த மேஜையில் டோன்ட் பாஸ் கட்டத்தில் பணத்துக்குப் பதிலான சில்லுகள் வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

பகடை சுற்றி வந்து என் மனைவியிடம் நின்றது. அவள் பாஸ் லைனில் ஒரு சில்லை வைத்தாள். நான் வழக்கப்படி டோன்ட் பாஸில் வைத்தேன். மேஜையின் வளைவில் நான் அவளுக்கு எதிரே நின்றிருந்தேன், என் கை எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

வளைந்த கோலால் பகடைகளை அவள் முன்னால் தள்ளினார்கள். அவள் குனிந்து இரண்டு கையாலும் அவற்றை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கற்பூரத் தட்டைத் தொட்டு ஒற்றிக்கொள்வதைப் போல நிதானமாக, முதலில் வலது கண், பிறகு இடது கண். கோல்காரர் சட்டென்று கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். ஒரு கையால் மட்டுமே தொட வேண்டும், மேஜையை விட்டு மேலே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. மாற்றிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. பகடைகளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு வேறு இரண்டு கொடுத்தார்கள். எனக்கு மானம் போயிற்று. நம் ஊர்ப் பழக்கத்தை இங்கேயா காட்டுவது என்று மனசுக்குள் கறுவினேன்.

முதல் வீச்சில் நான்கு விழுந்தது. பாயிண்ட் நான்கு.

நான்கு விழ மூன்று வழிகள்தான். ஏழு விழ ஆறு வழிகள். அதாவது அவள் தோற்க இரண்டு மடங்கு வாய்ப்பு. நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நடக்கக் கூடாதது எதுவும் நடக்கவில்லை, அபூர்வம், அவ்வளவுதான். ஐந்து, ஒன்பது, எட்டு, எட்டு, ஆறு, பத்து. நான்கு வரவில்லை, ஏழும் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். மற்ற எண்களில் பந்தயம் வைத்திருந்தவர்கள் அள்ளினார்கள். முதலில் ஆரவாரம் செய்தவர்கள் போகப்போக அமைதியானார்கள். யாரும் அவளைத் தொடவில்லை, அவளிடம் பேசவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கும் இடம் தானாகக் காலியானது. எண்ணைச் சொல்லும் கோல்காரரின் குரல்கூடத் தணிந்துவிட்டது. ஒவ்வொரு வீச்சுக்கு முன்னாலும் அவள் உதடு ஏதோ ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தது.

பகடை உருண்டு நிற்கும்போதெல்லாம் அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண் இமைக்காமல் பார்த்தாள். அந்தச் சாய்வை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முன் அவர்கள் குலதெய்வக் கோயிலில் பூவாக்குக் கேட்டார்கள். அம்மன் மேல் ஈரப் பூவை ஒட்டவைத்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வலது பக்கம் விழுந்தால் செய்யலாம், இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். அன்று அவள் இப்படித்தான் தலையைச் சாய்த்து அரை மணி நேரம் நின்றாள். ஈரம் காய்ந்தால் எந்தப் பூவும் விழத்தான் செய்யும் என்று பிற்பாடு நான் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்.

அவள் ஆடவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. நான்கு விழுந்தால் ஈரோட்டுக்குப் போவாள், அம்மா அவளுக்காகக் காத்திருப்பார். ஏழு விழுந்தால் போய்ப் பயனில்லை.

பக்கத்திலிருந்த கையுறைப் பெண்மணி அவள் என் மனைவியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் சில்லைப் பார்த்தார். ஒரு கணவன் இந்தப் பக்கம் வைத்து நான் பார்த்ததில்லை என்றார். குரலில் குத்தல் இல்லை, வானிலையைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். பிறகு, "நீ அதை எடுத்துவிடலாம், தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.

இன்னும் இரண்டு வீச்சு போனது. "இன்னும்கூட எடுக்கலாம்" என்றார்.

எடுப்பதற்கு ஒரு வார்த்தை போதும். மேஜையை நடத்தும் டீலரிடம் சொன்னால் சில்லைத் தள்ளிக் கொடுத்துவிடுவார், கடைக்கு அதில் சந்தோஷமே. என் கை மேஜை விளிம்பில்தான் இருந்தது. நகரவில்லை. சாதகமான நேரத்தில் முட்டாள்தான் எடுப்பான் என்ற கணக்கைத்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் போகக் கூடாது என்று நான் விரும்பினேன். என் காசு எங்கே கிடந்ததோ அங்கேதான் என் மனசும் கிடந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி வீச்சில் ஒரு பகடை சீக்கிரமே நின்றுவிட்டது. அதில் நான்கு புள்ளி. என் மனைவி அதைத்தான் முதலில் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது. இரண்டையும் கூட்ட வேண்டும் என்பது அந்த ஒரு கணம் அவளுக்கு மறந்துபோனது. மற்றது மேஜையின் பக்கச் சுவரில் மோதித் திரும்பி, அதன் பக்கத்திலேயே வந்து, மூன்றைக் காட்டி நின்றது.

கூட்டினால் ஏழு. எல்லோருடைய சில்லுகளையும் வாரினார்கள். என் சில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சில்லு வைத்தார்கள். கையுறைப் பெண்மணியின் சில்லுக்கும் வைத்தார்கள், ஆனால் அவர் அங்கே இல்லை. எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை. இது யாருடையது என்று டீலர் இரண்டு முறை கேட்டார். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். என் மனைவி ரெஸ்ட்ரூம் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தாள்.

திரும்பும் வழியில் பார்க்வே நெடுஞ்சாலையில் ஏறினோம். அப்போது அவள் சொன்னாள்: "கேட்டுப் பார்த்தேனுங்க. போக வேண்டாம்னு வந்துருச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பகடைக்குக் காது கிடையாது, முந்தின வீச்சுகூட அதற்கு ஞாபகம் இருக்காது என்று, பதினான்கு வருடமாகச் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். அதை விளக்க எனக்குப் போதுமான தூரமும் இருந்தது. அன்று மட்டும் எனக்குப் பூவாக்கில் நம்பிக்கை வந்துவிட்டது. "சரி, கேட்டாச்சுல்ல, விடு" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து பன்னிரண்டாவது நாள் அவளுடைய அம்மா போய்விட்டார். கடைசி மூன்று நாள் குழாயை எடுத்திருந்தார்கள், நினைவு இருந்தது, இவள் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். டைனிங் டேபிளில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்து எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுடைய அண்ணன் கொள்ளி வைக்கப் போனபோது போனை யாரிடமோ கொடுத்தார். அவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். அவள் சரிசெய்யச் சொல்லவில்லை, அப்படியே பார்த்தாள்.

போன மாதம் மகளுக்கு ஹோம்வொர்க். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையை அட்டவணை போட வேண்டும். முப்பத்தாறு கட்டங்கள். அவள் நிரப்பிவிட்டு, "டாடி, வை இஸ் செவன் தி மோஸ்ட்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அடுப்படியில் என் மனைவி தாளிப்பதை நிறுத்தியது கேட்டது.

மகள் பென்சில் சீவ உள்ளே போனபோது, என் பக்கம் திரும்பாமலேயே என் மனைவி சொன்னாள்.

"அன்னைக்கு ரெஸ்ட்ரூம்ல அந்தக் கையுறை போட்டவங்க எங்கிட்டப் பேசுனாங்க."

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னாங்களாமா, எடுத்துரலாம்னு." கரண்டியைக் கழுவி வைத்தாள். "அதுக்கு நான் கோவிச்சுக்கலைங்க. அது வெளையாட்டு. கார்ல வர்றப்ப, பகடை கெடக்குது, நீ போன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஊடு வர்ற வரைக்கும் பார்த்துட்டே வந்தேன். சொல்லியிருந்தா போயிருப்பேன்."

மகள் பென்சிலோடு வந்து உட்கார்ந்து, ஏழு ஏன் அதிகம் என்று மறுபடி கேட்டாள். நான்குக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். மூன்று என்றாள். அதற்கு மேல் எனக்கு எதையும் விளக்க வரவில்லை.