ஒரு கண்ணை மூடினால் பாஸ்

பிலோ அக்கா போய்விட்டார்.

இன்று காலை, கோலா சுங்கை பாரு வீட்டில். அக்காவின் மகள்தான் போன் செய்தாள். மறுபடியும் ஸ்ட்ரோக்... அதே பின்பக்க மூளை. இந்தத் தடவை ஆம்புலன்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

குருபோங் பேக்டரியில் பதினொரு வருடம் என் பக்கத்து மேசை. க்யூசி வேலை. குட்டிக் குட்டி கனெக்டர்களை, அதிலுள்ள ஊசி மாதிரி பின்களை லென்ஸில் பார்த்து, நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதுக்குச் சிவப்பு. அக்கா சிவப்பு ஒட்டிவிட்டால் மேனேஜரே வந்தாலும் மாற்ற முடியாது.

கண்டீன் வடையைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினேன். "காது ரெண்டும் ஒரே லெவல்ல இல்லயே லா," என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அக்கா சொன்னது சரிதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை... முதல் ட்ரே முழுக்கச் சிவப்பு. இரண்டாவது ட்ரேயும்.

"என்னக்கா ஆச்சு?"

"எல்லாத்துலயும் பின்னு டபுளா இருக்கு. யாருடி மிஷின் செட்டிங் பண்ணது?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் கண்ணைச் சந்தேகப்பட்டிருப்போம். சொன்னது பிலோ அக்கா. லைன் லீடர் சுரேஷ் மிஷினையே நிறுத்திவிட்டார். நாங்கள் நான்கு பேர் குனிந்து ஒவ்வொரு பின்னாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு கண்ண மூடுனா பாஸ். ரெண்டையும் தொறந்தா ரிஜெக்ட்," என்றார் அக்கா. நாக்கு குழறியது. சுரேஷ் அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டார்.

எழுந்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? தவக்காலம்... காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார், உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, பின்கழுத்தில் தைலம் தேய்த்தேன். ஒரு மணி நேரம்.

சூடாகத் தே-ஓ, பால் விடாத தேநீர் வேறு கொடுத்தேன். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்தபோதுதான் சுரேஷ் காரை எடுத்தார்.

மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். வாய் கோணாமல், கை விழாமல் இப்படியும் ஸ்ட்ரோக் வருமாம். இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் இன்றுவரை என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

அக்கா பிழைத்தார். வேலைக்குத்தான் திரும்பவில்லை. அந்த ரெட்டைப் பார்வை போகவே இல்லை.

முதல் தடவை வீட்டுக்குப் பார்க்கப் போனேன். கைப்பையைத் துழாவி ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து என் நெற்றியில் ஒட்டினார். "ஸ்ட்ரோக்குக்குத் தைலம் தேச்சவ." நான் அழுதேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகு போகும்போதெல்லாம் பச்சை கேட்பேன். "பாக்கலாம், பாக்கலாம்," என்பார்.

போன மாதமும் கேட்டேன். "இன்னிக்காவது குடுங்கக்கா."

இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து, வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"சரி, நீ பாஸ். பக்கத்துல ஒருத்தி நிக்கிறாளே... அவள அடுத்த தடவ பாத்துட்டுச் சொல்றேன்."

நாளை அடக்கம். பேக்டரி பஸ்ஸில் எல்லோரும் வருகிறோம், அக்கா.

அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.