கலாவின் மெஷினை அணைக்க வேண்டாம்

கலா போய்விட்டாள்.

போன செவ்வாய் காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடக் குனிந்தவள் அப்படியே விழுந்திருக்கிறாள். நாற்பத்து மூன்று வயது...

தகவல் வந்தபோது பாரிஸின் ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுகைக்கு முதல் பயம்தான் வந்தது.

ஐயோ, அடுத்த வாரச் சனிக்கிழமை அரங்கேற்றத்துக்குக் கோப்புத் திறக்குமா?

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் எட்டுப் பேர், பாரிஸில் நடன அரங்கேற்றங்களுக்குக் கம்ப்யூட்டரில் இசை செய்பவர்கள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடு இழுத்தால் சத்தம் வரும். ஒரு பெட்டி தம்புரா, ஒரு பெட்டி தாளம், ஒன்று ஆடுகிற பிள்ளையின் வேகத்துக்கு இசையை இழுத்துக் கொடுப்பது.

அந்தப் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதியவள் கலா. பாரிஸுக்கு வெளியே பொண்டியில் அவள் வீட்டு மேசைக்குக் கீழே ஒரு சின்ன மெஷின் எந்நேரமும் ஓடுகிறது. எங்கள் கோப்பைத் திறந்தால் அது இணையம் வழியாகத் தானாக அங்கே போய், தனக்கு வேண்டிய பெட்டிகளை எடுத்துவரும்.

கிடைக்காவிட்டால் பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. ஒரு சத்தமும் வராது.

கலா இசை படித்தவள் இல்லை. ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் கிடங்கின் அலுவலகத்தில் இருந்தாள். "எந்தப் பெட்டி எந்த லொறியிலை வந்தது, ஆருக்குப் போகுது எண்டு எழுதாட்டி கிடங்கு நாறிப்போகும் அண்ணை. உங்கடை தாளமும் அப்பிடித்தான்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் வாங்க வருவாள். றோல்ஸைக் கடித்தபடி ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அண்ணை, பெட்டியளைக் கொப்பி எடுத்து வச்சிட்டியளோ?"

"எடுப்பம், எடுப்பம். நீ இருக்கிறாய்தானே."

"நான் இருக்கிறதெல்லாம் ஒரு சிஸ்டமோ?" என்று சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்றுவிடும். "வன்னியிலை சண்டைக்குள்ளை ஒவ்வொரு இடத்திலையும் போட்டது போட்டபடி விட்டிட்டு ஓடின ஆள் நான். ஒண்டை மூண்டு இடத்திலை வையுங்கோ அண்ணை."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். எட்டுப் பேரும் தலையாட்டினோம். ஒருவரும் எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை மண்டபத்தில் ஆட்கள் வந்து இருந்துவிட்டார்கள். திரையில் 'புதிய பதிப்பு வந்துள்ளது' என்று வந்தது... அதை அழுத்திவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பு.

வேலையில் இருந்த கலாவுக்கு போன் எடுத்தேன். முதலாளிக்குக் கேட்காமல் குசுகுசுத்தாள். "ஆட்டம் துவங்க அரை மணித்தியாலம் இருக்கேக்கை ஆரெண்டாலும் அப்டேட் அமத்துவினமோ? கையை எடுங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ. பழசை இஞ்சையிருந்தே திருப்பி வைக்கிறன்."

பத்து நிமிடத்தில் தம்புரா கேட்டது. அன்றைக்குப் பிறகு நான் எதையும் அப்டேட் செய்ததில்லை. பயம்.

நேற்று அவள் கணவன் நேசன் போன் எடுத்தான்.

"அண்ணை, நாளைக்கு எட்டாம் நாள், எட்டுச் செலவு செய்யோணும். வீடு கழுவுறம். கலாவின்ரை மெஷின் ஒண்டு மேசைக்குக் கீழை மினுங்கிக்கொண்டு கிடக்கு. கழட்டி வைக்கட்டோ?"

"கையை வைக்காதை!"

கத்திவிட்டேன். பெண்சாதியைப் பறிகொடுத்தவனிடம்... அணைக்காமல் வை, இப்பவே வாறன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

ஒருமுறை அணைந்தால் மறுபடி ஏற்றப் பாஸ்வேர்ட் கேட்கும் என்று கலா சொல்லியிருக்கிறாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்தச் சனிக்கிழமை ஒரு பிள்ளை மேடையில் சலங்கை கட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிள்ளை இரண்டு வருடம் ஆடிப் பழகிய இசை முழுக்க அந்த மெஷினுக்குள் இருக்கிறது.

மஜெந்தா ஸ்டேஷனில் ஆர்.இ.ஆர். ரயில் பிடித்தேன். பொண்டி வரும்வரை நேசன் வயரை இழுத்துவிடுவானோ, கழுவுகிற தண்ணி உள்ளே போய்விடுமோ என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

செத்த வீட்டுக்கு லேப்டாப்போடு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நேசன் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தான்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை அதோடு பொருத்தி ஒவ்வொன்றாக இறக்கினேன்.

உள்ளே எட்டு ஃபோல்டர்கள். எங்கள் எட்டுப் பேரின் பெயர்கள். ஒவ்வொருவரின் கோப்பும் எந்தப் பழைய பெட்டியில் ஓடுகிறதோ, அதையெல்லாம் எறியாமல் தனித்தனியாக வைத்திருந்தாள்.

'சந்திரன் அண்ணை' என்ற என்னுடையதில் ஒரு சின்னக் குறிப்பு.

"பழைய தாளப் பெட்டி. பிழை இருக்கு. ஆனால் அண்ணையின் கோப்பு இதிலைதான் ஓடும். மாத்தச் சொன்னால் பயப்பிடுவார். அழிக்கக் கூடாது."

அங்கேயே இருந்து அழுதேன். நேசன் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தான், அவனும் அழுதான்.

மூன்று இடத்தில் பிரதி எடுத்தாயிற்று. சனிக்கிழமை சத்தம் வரும். ஆனால் இனி ஒன்று உடைந்தால் யாருக்கு போன் எடுப்பது என்று தெரியவில்லை.

நேசன் வீட்டிலிருந்து புறப்பட எழும்பும்போது ஒரு பிழை விட்டேன். செத்த வீட்டில் "போட்டு வாறன்", போய் வருகிறேன், என்று சொல்லக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் மேசைக்குக் கீழே மினுங்கிய வெளிச்சத்தைப் பார்த்து, "போட்டு வாறன் கலா" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நேசன்தான் மெதுவாகச் சொன்னான்.

"ஓம் அண்ணை... வாங்கோ."