மூன்று தரம் வேண்டாம்

என் கணவருக்கு ஒல்லாந்துப் பித்துப் பிடித்தது எழுபதுகளின் நடுவில், சிட்னியில் நாங்கள் செவன் ஹில்ஸில் குடியிருந்த காலத்தில். அவர் துறைமுக எஞ்சினியர். கடலடியில் மண் வாரும் வேலைக்கு வந்திருந்த ஒல்லாந்துக்காரரோடு ஒரு வருடம் வேலை செய்தார். அவர்களில் பெரியவர் ஒருவர், றொட்டர்டாமுக்கு வாருமேன், இரண்டு வருடத்துக்கு வேலை இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து மனுசனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைச் சுற்றி நடந்து வளர்ந்தவர் அவர். அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோர், பிறகு கக்கூசு என்ற சொற்களைக்கூட அவர்கள்தான் எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார்களாம். ஏதோ சொந்தக்காரர் எழுதிவைத்த சீதனம் போல அதைச் சொல்லுவார். எனக்குத் தெரிந்தவரை அவர்கள் அந்தக் கோட்டையை எங்களுக்காகக் கட்டவில்லை.

அதே மாதம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. ஊரில் ஏழு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். இங்கே வந்து இறங்கியதும் என் சான்றிதழ்கள் வெறும் கடதாசியாகிவிட்டன. அவை செல்லுமா செல்லாதா என்று அதிகாரிகள் யோசித்து முடிக்கும்வரை, வீட்டுக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் ஷாம்பூ போத்தலுக்கு மூடி திருகினேன். கடைசியில், பெப்ரவரியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை, நிரந்தர வேலை என்று அந்தக் கடிதம் வந்தது. அவரிடம் காட்டினேன். நல்லது என்று சொல்லி அதைப் பேப்பருக்கு அடியில் வைத்தார். பிறகு, "றொட்டர்டாமுக்குப் போவமே, என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"உங்கட விருப்பம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதற்குப் பொருள் தெரியும். எனக்கு விருப்பமில்லை, இன்னும் இரண்டு தரம் கேளுங்கள், அப்போது சொல்லுகிறேன் என்பதுதான். அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரியாதவர் மாதிரி நடந்துகொள்ளத்தான் ஒல்லாந்து அவருக்குக் கைகொடுத்தது.

அடுத்த வீட்டில் இருபது வருடத்துக்கு முன் கப்பலில் வந்த ஒல்லாந்துத் தம்பதி இருந்தார்கள். புருசன் கொத்து வேலை. அந்த அம்மாவுக்கு வீட்டைத் துடைப்பதே வேலை. போகிற தேசத்தின் பழக்கவழக்கங்களை முன்கூட்டியே படித்துக்கொள்ளவேண்டும் என்று என் கணவர், சனிக்கிழமை தோறும் காலை பத்தரைக்கு அந்த வீட்டுக் காப்பிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் நாள் பத்து நிமிடம் முந்திப் போய்விட்டோம். அந்த அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்தால் தெருவே எங்களைப் பார்க்கும். யன்னல் திரையை அவர்கள் மூடுவதில்லையாம், ஒளிக்க ஒன்றும் இல்லையாம். அந்த அறையில் ஒளிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை என்பது உண்மைதான்.

காப்பியோடு ஒரு பிஸ்கட் பெட்டியைத் திறந்து நீட்டினாள். நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன். பெட்டியின் மூடி டக்கென்று மூடிக்கொண்டது. அன்றைக்கு விடிய ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன். ஒரு மணித்தியாலம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்படியில் நின்றபடியே முந்தின நாள் பாண் துண்டைச் சம்பலோடு தின்றேன். இவரோ பெரிய ஞானம் கண்டவர் போல, "பாரும், வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். எங்கட ஆக்கள் மாதிரிப் பூசி மெழுகுறேல்லை" என்றார். அவர் ஒன்று எடுத்துத் தின்றிருந்தார். ஞானம் இலகுவாக வந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமைகளில் இன்னும் படித்தோம். எல்லாருடைய பிறந்தநாளும் எழுதிய கலண்டர் ஒன்று அவர்கள் வீட்டுக் கக்கூசில் தொங்கியது. பிறந்தநாள் என்றால் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, பிறந்தவரை மட்டுமல்ல, அவருடைய மனைவி, மச்சான், மச்சானின் மனைவி எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்தவேண்டும். நான் அரைத்துக் கொண்டுபோன காப்பித்தூள் மண் மாதிரி இருக்கிறது என்று அந்த அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னாள். நீ அதிகம் கதைக்கிறாய் என்று இவருக்கும் சொன்னாள். இவர் பூரித்துப்போனார். எவ்வளவு நேர்மை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதையே நான் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு கிழமை பேச்சு இருந்திருக்காது.

தன் பிறந்தநாளுக்கு எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு இவர் ஒல்லாந்து முறையில் விருந்து வைத்தது தனிக்கூத்து. அப்போது சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஏழோ எட்டோதான். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆட்கள் ஐந்துக்குத்தான் வரத் தொடங்கினார்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டு ஆளுக்கொரு வடை கொடுத்துவிட்டு, தட்டை இவரே குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். சாப்பாடு வரும் வரும் என்று எல்லாரும் வட்டமாக இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏழரைக்கு ஒரு அங்கிள் எழும்பி, "அப்ப போட்டு வாறம் தம்பி, இனி வீட்டை போய்த்தான் சமைக்கோணும்" என்றார். இவர் சந்தோசமாகக் கைகொடுத்து அனுப்பினார்.

இந்த மூன்று மாதத்தில் வந்தவர் போனவர் எல்லாரும் எப்போது பயணம், அங்கே குளிராமே, சீஸ் நல்ல மலிவாமே என்றுதான் என்னிடம் கேட்டார்கள். இவர் என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். எனக்குக் கோபத்தைவிட என் மீதே வெறுப்புத்தான் கூட வந்தது. நூறு பிள்ளைகளுக்கு முன் நின்று சத்தமாகப் படிப்பித்தவளுக்கு ஒரு இல்லை சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரியில், கடைசிச் சனிக்கிழமைக் காப்பி. இவர் ஒல்லாந்தரின் நேர்மையைப் பற்றி ஒல்லாந்துக்காரிக்கே விளக்கிக்கொண்டிருந்தார். அவள் பிஸ்கட் பெட்டியைக் கையில் வைத்தபடி என் பக்கம் திரும்பி, உனக்குப் போக விருப்பமா என்று கேட்டாள்.

"இல்லை. எனக்கு வேண்டாம்" என்றேன். ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னதாக இருந்தது.

இவர் சிரித்தார். எங்கள் ஆட்கள் முதல் தரம் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லுவார்கள், முதல் நாள் உங்கள் பிஸ்கட்டுக்கும் அப்படித்தானே சொன்னாள், மூன்று தரம் கேட்கவேண்டும், அது எங்கள் பண்பாடு என்று அவளுக்கு எடுத்துச் சொன்னார். மூன்று மாதமாக மறந்திருந்த பண்பாடு மனுசனுக்கு அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

"அப்ப கேளுங்கோ" என்றேன் தமிழில்.

"என்னத்தை?"

"மிச்சம் ரண்டு தரத்தையும்."

சிரித்தபடியே, வாறீரோ என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பக் கேட்டபோது சிரிப்பு இல்லை. அதற்கும் இல்லை என்றேன், பெப்ரவரியில் எனக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது என்றும் சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விளங்கியிருக்கவேண்டும். என்னைத் தேற்றுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியை மூடினாள், தோய்த்த உடுப்பைக் காயப்போட நேரமாகிறது என்று சொல்லி எழும்பிவிட்டாள்.

கையெழுத்து வைத்துவிட்டதால் இவர் தனியே போனார். மனுசி பிறகு வருவா என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனார். ஏப்ரலில் நீளமான கடிதம் வந்தது. எலும்பு வரைக்கும் குளிர். வாடகை வீட்டுக்காரி ஒரு பிஸ்கட்டைத் தந்துவிட்டுப் பெட்டியை மூடுகிறாள். கந்தோரில் தன்னைவிடச் சின்னவன் ஒருவன், உன் வரைபடம் பிழை என்று பத்துப் பேருக்கு முன் சொல்லுகிறான், இதுகள் எல்லாம் ஒரு மனுசரோ என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "நீர் வந்தால் நல்லம். உம்மட விருப்பம்."

அதைப் படித்ததும் மனம் இளகித்தான் போனது. அந்தச் சொல்லை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வா, வந்துவிடு, இன்னும் இரண்டு தரம் என்னிடம் கேள் என்று மனுசன் கெஞ்சியிருந்தார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, திருத்த இருந்த பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்தேன். பிறகு பதில் எழுதினேன்.

"கடிதம் கிடைத்தது. என்ர விருப்பத்தைக் கேட்டதுக்கு நன்றி. எனக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பம்."