ஒரு டிஸ்க்கில் இரண்டு குடித்தனம்

எண்பதுகளில் நான் ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். விடிவதற்குள் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கம்பெனி பஸ் வந்து நிற்கும். வேலை இடத்துக்குள் நுழையுமுன் முகம் கழுவி, பவுடர், பொட்டு, பூ எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தலை முதல் கால் வரை வெள்ளை உடை. ஒரு தூசி விழுந்தால் டிஸ்க் போச்சு. எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் கை நடுங்காது. அதனால் நாலு வருஷம் அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சோதனைப் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். "யூ டோன்ட் நோ யூனிக்ஸ், ஹவ் கேன்?" என்றான் சூப்பர்வைசர். அவனுக்கும் தெரியாது. அது வேறு விஷயம்.

கம்ப்யூட்டரை இயக்கும் அந்த யூனிக்ஸைக் கற்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இருபது பேருக்கு இரண்டு கம்ப்யூட்டர். என் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். வாத்தியாரிடம் சண்டை போட்டு, யூனிக்ஸ் பதிந்த பிளாப்பி டிஸ்க்குகளை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். பிளாப்பி கிடைத்தது, போட்டுப் பார்க்க மிஷின் இல்லை.

எங்கள் குடும்பத்தில் மிஷின் வைத்திருந்தது அண்ணன் ஒருவர்தான். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல் மாடியில், டைப்பிங் கடை வைத்திருந்தார். அவர் மிஷினை இயக்கியது டாஸ், யூனிக்ஸ் இல்லை. யூனிக்ஸை அதே டிஸ்க்கில் பக்கத்திலேயே குடி வைக்கலாம். ஆனால் டிஸ்க்கை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் உள்ளே இருப்பதையெல்லாம் பிளாப்பியில் எடுத்து வைத்துக்கொண்டு, டிஸ்க்கை அழித்துவிட்டு, பிறகு திரும்பப் போட வேண்டும்.

"அழிக்கணுமா? என்னம்மா பேசுறே நீ?" என்றார் அண்ணன்.

"அழிச்சுட்டுத் திரும்பப் போட்டுருவேன்ணே."

"அதுல கப்பல் பம்ப் மேனுவல் இருக்கு. முந்நூத்திப் பன்னண்டு பக்கம். ரெண்டு மாசமா அடிக்கிறேன். வெள்ளிக்கிழமை செம்பவாங்ல கொடுக்கணும்."

"கொடுப்பீங்க."

"போயிடுச்சுன்னா?"

"நானே உக்காந்து டைப் பண்றேன் லா."

"நீ அடிக்கிற வேகத்துக்குக் கப்பலே துருப்பிடிச்சுப் போயிடும்."

அந்த மேனுவல் செம்பவாங் கப்பல் பட்டறைக்காரர்களுக்கு. நன்றாக முடித்துக் கொடுத்தால் மற்ற மேனுவல்களும் அண்ணனுக்கே வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பயம் இருந்ததில் தப்பில்லை. அண்ணிதான் குறுக்கே வந்தார். "புதுப் படிப்புதானே? விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிக்கட்டும். அதுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை, எப்படியும் மிஷினைத் தொடமாட்டோம்." அண்ணி சொன்னால் அண்ணனுக்கு மறு பேச்சு இல்லை.

பூஜைக்கு முன்தினமே எல்லாவற்றையும் பிளாப்பிகளில் இறக்கினேன். இருபத்து மூன்று பிளாப்பி. ஒவ்வொன்றிலும் எண் எழுதி, ஒன்றின்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கிவிட்டுப் போனேன். மறுநாள் பூஜைக்கு வந்தபோது பேப்பர் வெட்டும் கத்தி, ஸ்டேப்ளர், கீபோர்டு எல்லாம் சாமி படத்தின் முன் சந்தனம், குங்குமத்தோடு இருந்தன. பிளாப்பி அடுக்கும் இருந்தது. பார்த்தேன். சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டேன்.

விஜயதசமி காலையில் எட்டு மணிக்கெல்லாம் கடையில் இருந்தேன். டிஸ்க்கைப் பிரிக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். இருக்கும் பகுதியை அழிக்கவா, எல்லாம் போய்விடும், சரியா என்று கேட்டது. அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்கண்ணே, கழுத்துல காத்தடிக்குது."

ஆமாம் என்பதற்கு ஒய் அடித்தேன். போயே போச்சு. நாலு வருஷமாக நான் டிஸ்க் செய்து அனுப்புகிறேன், அதற்குள் என்ன நடக்கும் என்று ஒரு தடவைகூட யாரும் எனக்குக் காட்டியதில்லை. இப்போது அது என் விரல் சொல்வதைக் கேட்கிறது! முன்பாதி டாஸுக்கு, பின்பாதி யூனிக்ஸுக்கு என்று எண்களை அடித்தேன். திரையில் இரண்டு வரி வந்தது. ஒரே டிஸ்க், இரண்டு வீடு. நான் போட்ட கூச்சலில் கீழே பூக்கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

முதலில் டாஸ் பகுதியை நிரப்பிவிடு, பிறகு உன் விளையாட்டு என்றார் அண்ணன். ஒவ்வொரு பிளாப்பியாகப் போட்டேன். ஒன்று, இரண்டு, பத்து, இருபத்திரண்டு. ஒரு தடங்கலும் இல்லை. கடைசிப் பிளாப்பியைப் போட்டேன். கர்ரக், கர்ரக் என்று சத்தம். படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று கேட்டது. மறுபடி. கர்ரக். மறுபடி. கர்ரக்.

கடைசிப் பிளாப்பியில் இருந்தது மேனுவலின் பிற்பாதி.

வெளியே எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனேன். பிளாப்பியின் சட்டையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், அது வழியாகத்தான் மிஷின் உள்ளே இருக்கும் தகட்டைப் படிக்கும். அந்தத் தகட்டில் மஞ்சளாக ஒரு தீற்றல். மோந்து பார்த்தேன். சந்தனம்.

"அண்ணி!"

"எல்லாத்துக்கும் எதுக்குன்னு மேல இருந்த ஒண்ணுக்கு மட்டும்தான் வெச்சேன்" என்றார் அண்ணி. "காகித உறைக்கா பொட்டு வெக்கிறது? அதான் உறையைக் கழட்டினேன். நெத்தி மாதிரி ஒரு இடம் இருந்துச்சு. காலையில ஈரத் துணியால துடைச்சுத்தான் லா வெச்சேன்."

துடைத்ததில்தான் சந்தனம் தகட்டில் இழுபட்டிருக்கிறது. தினமும் பொட்டை அழித்துவிட்டு வேலை பார்க்கிறவள் நான், என்னைத் தேடி இங்கே வந்திருக்கிறது பொட்டு! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுத முடியாததும் அதில் இருந்தது. அண்ணன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தப்பு என்னுடையது. இரண்டு பிரதி எடுத்திருக்க வேண்டும், ஒன்றுதான் எடுத்தேன். பூஜையில் அடுக்கைப் பார்த்தும் சுண்டலைத்தான் கவனித்தேன்.

தகட்டை மறுபடி பார்த்தேன். கீறல் இல்லை, அழுக்குதான். அழுக்கு என்றால் என் தொழில்.

"அண்ணி, மோட்டார் சைக்கிள் கடையில பேட்டரி தண்ணி ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க, அது காய்ச்சி வடிச்சது. குழாய்த் தண்ணி வேணாம், கறை விழும்."

பேக்கில் தொழிற்சாலைக் கையுறை ஒரு ஜோடி கிடந்தது, மாட்டிக்கொண்டேன். பிளேடால் பிளாப்பியின் சட்டையை ஓரத்தில் கிழித்து, மெல்லிய பழுப்புத் தகட்டை உருவினேன். பேட்டரி தண்ணியில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, விரல் நுனியால் அலசினேன். சந்தனம் கரைந்து தண்ணீர் கலங்கியது. இரண்டு தடவை வெறும் பேட்டரி தண்ணியில் அலசி, தகட்டின் நடுவில் இருந்த ஓட்டையில் பென்சிலைச் செருகித் தொங்கவிட்டேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். வியர்வை வழிந்தது. காய்வதற்குள் மிஷினை அணைத்து, தகட்டைப் படிக்கும் முனையில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்தேன். பிறகு புதுப் பிளாப்பி ஒன்றின் சட்டையைக் கிழித்து, அதன் தகட்டை எறிந்துவிட்டு, காய்ந்த தகட்டை அதற்குள் நுழைத்து ஒட்டினேன்.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்த முறை அண்ணி எண்ணைச் சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுத்தார், ஓரத்தை மட்டும் பிடித்து. இருபத்து மூன்று. போட்டேன். மிஷின் உறுமியது. கர்ரக் வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது, எரிந்தது, அணைந்தது. முடிந்தது என்றது திரை.

"அண்ணே! வாங்க! வந்துடுச்சு!"

அவர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். மேனுவலைத் திறந்து, கடைசிப் பக்கத்துக்குப் போய், மூன்று வரி வாய்விட்டுப் படித்தார். பம்பைக் கழற்றுமுன் வால்வை மூடவும். அதைவிட நல்ல வாசகத்தை அதுவரை நான் கேட்டதில்லை. உடனே பிரின்டரை ஓடவிட்டார். கடைசிப் பக்கம் வெளியே வரும்வரை என்னை நாற்காலிப் பக்கம் நெருங்கவிடவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டும் வந்து முடியும்போது மாலையாகிவிட்டது.

"போதும் லா, அவளுக்கு எடம் விடுங்க" என்றார் அண்ணி.

"பிளாப்பியில ரெண்டு காப்பி எடுத்துட்டு விடுறேன்."

எடுத்தார். நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு யூனிக்ஸ் பிளாப்பிகளை ஒவ்வொன்றாக ஊட்டினேன். மிஷின் எந்தப் பாதியில் எழ வேண்டும் என்பதற்குப் பின்பாதியைக் காட்டி, மிஷினை அணைத்துப் போட்டேன். எழுந்தது. லாகின் என்று கேட்டு நின்றது. யார் நீ என்று என்னைக் கேட்கிறது! என் பெயரை அடித்தேன்.

"என்னோடது எங்கே?" என்றார் அண்ணன், முகம் வெளுத்து.

முன்பாதியைக் காட்டி மறுபடி அணைத்துப் போட்டேன். டாஸ் வந்தது, மேனுவல் இருந்தது. திரும்பப் பின்பாதி. திரும்ப முன்பாதி. ஒரு வேலையும் இல்லாமல், சும்மா பார்ப்பதற்காகவே, ஐந்து தடவை மாற்றினேன்.

"மிஷின் கெட்டுடும், விடு!"

"இன்னும் ஒரே ஒரு தடவைண்ணே."

"அவ கேக்கமாட்டா" என்று அண்ணி அவரைச் சாப்பிட இழுத்துப் போனார். நான் ஆறாவது தடவை அணைத்துப் போட்டேன்.