பாய்க்கழி மறைந்த அலை

எங்கள் கடற்கரையில் கருங்கல் சுவர் கட்ட அளவெடுக்க எஞ்சினியர் வந்தபோது, ஊரே சேர்ந்து கடலைச் சின்னதாக்கிச் சொன்னது.

"ஆடி மாசத்துல முட்டளவு வரும் எசமானே. அதுக்கு மேல ஏறாது."

"யாருக்க முட்டுலே? ஒனக்க முட்டா? அப்ப எங்களுக்குக் கணுக்காலுன்னு சொல்லு."

முட்டளவு என்று சொன்ன குள்ளமான மனிதரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சினியரும் சிரித்தார். ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பொய்க்குக் காரணம் இருந்தது. அலை பெரிதென்றால் சுவர் உயரும். சுவர் உயர்ந்தால் அடியும் அகலும். அடி அகன்றால் முன்வரிசைக் குடிசைகள் போய்விடும். அந்த வரிசையில் கடைசிக் குடிசை என் மைனியுடையது. என் அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு அங்கே இருந்தாள். கல்யாணம் கட்டாத நான் அதற்குப் பின்னால் தனிக்குடிசையில் இருந்தேன். பொழுது சாய்ந்ததும் சோறு கொண்டு வருவாள். நாளில் நான் பேசுகிற பேச்செல்லாம் அப்போது பேசுவதுதான்.

கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் வராது.

மறுநாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். எஞ்சினியர் தனியாக வந்து பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"கரையில ஏறுன தண்ணிய நான் கேக்கல்ல. அது வேற, அலை மேல எழும்புத பொக்கம் வேற. உள்கடல்ல நீரு பாத்ததுல பெரிய அலை எது?"

அண்ணன் போன நாளைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கடலில் போனவனின் கடைசி நேரத்தை அவன் வீட்டில் கேட்பதும் சொல்வதும் எங்கள் கரையில் வழக்கமில்லை. 'கடல் எடுத்துட்டு' என்று சொன்னால் போதும், பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். நானும் மைனியிடம் அவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

அவரிடம் சொன்னேன். கார்த்திகை மாதம். அண்ணனுடைய கட்டுமரம் முன்னால், என்னுடையது பின்னால். காற்று திரும்பியதும் கடல் எழும்பியது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்று அண்ணனின் மரத்தில் பாய் கட்டிய பாய்க்கழியைத் தேடினேன். முதலில் பாதிக் கழி மறைந்தது. பிறகு ஒரு அலைக்கு நுனியும் மறைந்தது. அந்த அலை என்னைத் தூக்கிவிட்டபோது எதிரே கழி இல்லை.

அவர் மணலில் இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடும் வரைந்தார். ஒரு பள்ளத்தில் என்னை நிறுத்தினார், மற்றதில் கழியை. என் கண்ணிலிருந்து கழியின் நுனிக்கு ஒரு கோடு இழுத்தார்.

"மேடு இந்தக் கோட்டுக்கு மேல இருந்திருக்கு. கழி எவ்வளவு நீளம்?"

அண்ணன் கரை சேரவில்லை, கழி சேர்ந்திருந்தது. மைனி அதைக் கூரைக்கு முகட்டுக்கழியாகப் போட்டிருந்தாள். அதையும் சொன்னேன்.

அவர் நாடாவோடு குடிசைக்குள் போய் அண்ணாந்து அளந்தார். மைனி வாசலில் நின்றாள்.

"எதுக்கு எசமானே இத அளக்குதிய?"

"ஒமக்க ஆள எடுத்த அலைக்க பொக்கம் தெரியணும் அம்மா. அதுக்கும் மேல ஒண்ணு இனி வரும். அதையும் கணக்காக்கித்தான் கட்டணும்."

மைனி என் பக்கம் திரும்பினாள்.

"நீரா சொன்னீரு?"

"பிள்ளைய ரெண்டும் இஞ்சதானே மைனி உறங்குது. அப்பிடி ஒண்ணு வந்தா..."

"வீடு போனாப் போவட்டும். இத்தன வருசமா எனக்க கையால சோறு தின்னீரே, எனக்கிட்ட சொன்னீரா? வழியில வந்த ஆளிட்ட சொல்லியிருக்கீரு."

எஞ்சினியர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு தலைகுனிந்து வெளியே போனார்.

முன்வரிசைக் குடிசைகளைப் பிரித்தார்கள். கோவிலுக்கு அப்பால் அவர்களுக்கு வேறு இடம் கிடைத்தது. சோறு வருவது நின்றது, நானே பொங்கத் தொடங்கினேன். சுவர் என் தலைக்கு மேல் வளர்ந்தது. முற்றத்தில் நின்றால் கடல் கேட்கும், தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் மைனி வந்தாள். உள்ளே வரவில்லை.

"கழி மறையும்போ அவரு எழும்பி நின்னாரா, தளந்து இருந்துட்டாரா?"

நின்றார் என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள்.

"கழிதான் தெரிஞ்சுது மைனி. ஆளு தெரியல்ல."

சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கோவில் பக்கம் நடந்தாள். அதன்பிறகு வரவில்லை. அவள் பிள்ளைகள் மட்டும் வழியில் என்னைக் கண்டால் சிரிக்கும்.